கலர் கல்லு சேர்க்கணும்னு ஆசையா? முதல் கல்லு வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

எங்க ஊரு கரூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவுல இருக்கு. மழை பேஞ்சு ஓஞ்ச மறுநாள் காலைல வெயில் சாய்வா அடிக்கிற நேரத்துல, உழுத காட்டுல குனிஞ்ச தலை நிமிராம நடந்து கல்லு பொறுக்குறவங்கள நான் சின்ன வயசுலயே பாத்திருக்கேன். இந்த மண்ணுல மூன்ஸ்டோன், அக்வாமரின், அமெதிஸ்ட், அயோலைட், ஸ்மோக்கி குவார்ட்ஸ்னு பலதும் கிடைக்கும். நொய்யல் கரைல கொடுமணல்ல தோண்டுனப்போ ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி கல்லுமணி செஞ்ச பட்டறைகளே கிடைச்சுது, பாதி செஞ்ச மணி, துளை போடுறப்ப உடைஞ்ச மணின்னு எல்லாம் அங்கயே கிடந்துச்சு. பக்கத்துல படியூர் பெரில் கல்லு ஒரு காலத்துல ரோமாபுரி வரைக்கும் போயிருக்குன்னு சொல்றாங்க. அதனால கல்லு சேர்க்குறது பணக்காரங்க பொழப்புன்னு எனக்கு எப்பவுமே தோணுனதில்ல, நம்மூரு விசயம்னுதான் தோணும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். ராசிக்கல்லு போடுறது வேற, கல்லு சேர்க்குறது வேற. ஜோசியர் சொன்ன கல்ல போடணும்னா அது உங்க நம்பிக்கை, அதப் பத்தி நான் இங்க பேசல. இது கல்ல கல்லுக்காகவே பிடிச்சுப் போய் வாங்குறவங்களுக்கு எழுதுறது. ஆனா ராசிக்கல்லு வாங்குறவங்களும் படிக்கலாம், ஏமாறுற இடம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

முதல் வருசம் மாணிக்கம், மரகதம், நீலம் பக்கமே போகாதீங்க

புதுசா வர்ற எல்லாரும் நேரா மாணிக்கத்துல ஆரம்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். வெளியூர்ல ஒரு கடைல 3 கேரட்டுக்கு (கேரட்ங்கிறது இங்க கல்லோட எடை அளவு) மேல நல்ல செவப்புல ஒரு மாணிக்க மோதிரம் வாங்கிட்டு வந்தேன், விலையும் கைக்கு அடக்கமா இருந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு மோதிரத்துல கல்லக் கவ்வுற கால் ஒண்ணு தேஞ்சு போச்சுன்னு ஆசாரிகிட்ட குடுத்தேன், அவரு கல்ல கழட்டாமலே நெருப்பு காட்டி பத்து வெச்சுட்டாரு. திரும்பி வந்தப்போ கல்லு மேல வெள்ளை வெள்ளையா கோடு, நடுவுல சிலந்தி வலை மாதிரி. அவரு மேல தப்பில்ல. நல்ல மாணிக்கமா இருந்தா அந்த சூட்டுக்கு பெரும்பாலும் தாங்கியிருக்கும், அது ஈயக் கண்ணாடி ஊத்தி விரிசல அடைச்ச கல்லு. 2004 வாக்குலதான் அந்த மாதிரி கல்லு மார்க்கெட்டுக்கு பெருசா வர ஆரம்பிச்சுது. மண்ணுல கிடைச்ச மாணிக்கம்தான், ஆனா விரிசல் பூரா கண்ணாடி. அத வித்தவரு "நேச்சுரல்"னு சொன்னாரு, வார்த்தைக்கு அது பொய்யும் இல்ல. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அதனால முதல்ல ஒரு எட்டு, பத்து மலிவான கல்லு வாங்குங்க: அமெதிஸ்ட், சிட்ரின், கார்னெட், பெரிடாட், அயோலைட், ப்ளூ டோபாஸ், மூன்ஸ்டோன், ஒரு சின்ன டூர்மலின். எல்லாம் 5, 6 மில்லிமீட்டர் சைஸ் போதும். இதோட கூட தெரிஞ்சே ஒரு செயற்கை மாணிக்கம், ஒரு கலர் கண்ணாடி, திருச்சில பட்டை தீட்டுற ஒரு செயற்கைக் கல்லு, இதையும் வாங்கி வெச்சுக்குங்க. திருச்சி பக்கம் செயற்கைக் கல்லு பட்டை தீட்டுறது பல வருசமா குடிசைத் தொழிலா நடக்குது, அவங்க கை வேலை அவ்வளவு சுத்தமா இருக்கும். போலி எப்படி இருக்கும்னு வீட்ல நிதானமா பாத்துப் பழகுனாத்தான் கடைல பதட்டத்துல நிக்கிறப்ப கண்ணு அடையாளம் காட்டும்.

கைல என்னென்ன வேணும்

10 மடங்கு பெருசா காட்டுற லூப் ஒண்ணு, மூணு லென்ஸ் சேர்த்த ட்ரிப்ளெட்டா பாத்து வாங்குங்க. 30 மடங்கு 40 மடங்குன்னு போட்டு வர்ற மலிவு லூப் வேண்டாம், ஓரத்துல கலர் பிரியும், நம்பரும் பெரும்பாலும் பொய். லூப்ப கண்ணுக்கு ஒட்டி வெச்சுக்கிட்டு கல்ல அதுகிட்ட கொண்டு வரணும், லூப்ப தூரமா நீட்டிப் பாக்கக் கூடாது. கல்லு பிடிக்கிற ட்வீசர், சின்ன எல்.இ.டி டார்ச், மில்லிமீட்டர்ல அளவெடுக்குற டிஜிட்டல் வெர்னியர், 0.001 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன தராசு. இவ்வளவு போதும். கல்லுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு வளையுதுன்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர் அப்புறம் ஆசை முத்துனா வாங்கிக்கலாம்.

அந்தத் தராசுதான் இதுல பெரிய விசயம். ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்புல தண்ணி வெச்சு தராசுல ஏத்தி ஜீரோ பண்ணிடுங்க, கல்ல மெல்லிசு நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி, அடிலயும் பக்கத்துலயும் தொடாம பிடிச்சுக்கிட்டு தராசு என்ன காட்டுதுன்னு பாருங்க. கல்லோட எடைய அந்த நம்பரால வகுத்தா கல்லோட அடர்த்தி வந்துடும். ஒரு மஞ்சக் கல்லு 1.06 கிராம் இருக்குன்னு வெச்சுக்குங்க, தண்ணில 0.40 காட்டுனா அடர்த்தி 2.65, அது சிட்ரின். 0.30 காட்டுனா 3.53, டோபாஸ். 0.265 காட்டுனா 4.0, கனக புஷ்பராகம், அதாவது மஞ்ச சஃபையர். மூணுக்கும் நடுவுல விலை எங்கயோ இருக்கு, ஆனா கண்ணுக்கு மூணும் ஒரே மஞ்சதான். கண்ணாடி மட்டும் எந்த அடர்த்திலயும் வரும், அதுக்கு லூப்புல பாத்து உள்ள உருண்டையான காத்துக் குமிழி இருக்கான்னு தேடணும். 2 கேரட்டுக்குக் கீழ உள்ள கல்லுக்கு இந்த வித்தை சரியா வராது, நூல் ஆட்டமே கணக்க கெடுத்துடும்.

இன்னொரு செலவில்லாத வித்தை இருக்கு. எல்.சி.டி லேப்டாப் ஸ்கிரீன்ல வெள்ளைப் பக்கம் ஒண்ண தொறந்து வெச்சு அதுக்கு முன்னாடி கல்ல பிடிச்சு மெதுவா சுத்துங்க. மாணிக்கம், டூர்மலின், அயோலைட் மாதிரி கல்லுல கலர் மாறும், அயோலைட்டுல ஊதாவுல இருந்து கிட்டத்தட்ட நெறமே இல்லாம போற வரைக்கும் மாறும். கார்னெட், ஸ்பைனல், கண்ணாடி மூணும் எப்படிச் சுத்துனாலும் ஒரே கலர்தான். கலர் மாறலன்னா வேற திசைல திருப்பி வெச்சு இன்னொரு தடவ பாருங்க, ஏன்னா இந்தக் கல்லுக்கும் ஒரு திசைல பாத்தா மாறாது.

பால்ல போட்டா பால் நீலமாகும், ஆவி ஊதுனா உடனே மறையும், கண்ணாடியக் கீறும், இந்த டெஸ்ட் எல்லாம் விட்டுடுங்க. நல்ல அடர் நீலக் கண்ணாடியும் பால்ல நீலம் காட்டும், சாதாரண குவார்ட்ஸும் கண்ணாடியக் கீறும், கீறுற வேகத்துல கல்லோட முனை பேந்துட்டா போனதுதான்.

கடைல கல்லு பாக்குற முறை

கடைக்கு பகல்ல போங்க. மாணிக்கத்துக்கும் கார்னெட்டுக்கும் மஞ்ச லைட் போட்டு வெச்சிருப்பாங்க, எரியுற மாதிரி தெரியும். நீலக் கல்லுக்கு வெள்ளை லைட். ரெண்டையும் நம்பாதீங்க, "வாசல்ல கொண்டு போய் பாத்துக்கிறேங்க"ன்னு கேட்டுட்டு நிழல்ல நின்னு பாருங்க, நேர் வெயில்ல வேண்டாம். நல்ல வியாபாரி யாரும் இதுக்கு மறுக்க மாட்டாங்க, அவங்களே கூட வந்து நிப்பாங்க.

கல்ல விரல் இடுக்குல வெச்சுப் பாருங்க, தோல் நெறத்துக்கு மேல எப்படி இருக்குங்கிறதுதான் கணக்கு, வெள்ளைக் காகிதத்துல எல்லாமே அழகாத்தான் இருக்கும். அப்புறம் அச்சடிச்ச பேப்பர் மேல கல்ல மொகம் மேல இருக்குற மாதிரி வெச்சுப் பாருங்க. கல்லு வழியா எழுத்து படிக்க முடிஞ்சா கல்லுல "ஜன்னல்" இருக்குன்னு அர்த்தம், அடிப்பக்கம் ஆழம் பத்தல, வெளிச்சம் திரும்பி வராம கீழ ஓடிடுது. அந்த எடத்துல கல்லு வெளுத்துத் தெரியும். இதுக்கு நேர் எதிரா வயிறு தள்ளுன கல்லும் இருக்கு, அடில சதைய விட்டு பட்டை தீட்டியிருப்பாங்க. இலங்கைல இருந்தும் நம்ம ஊர்ல இருந்தும் வர்ற பழைய கட்டிங்ல இது நிறைய பாக்கலாம். மொகத்துக்கு வராத அந்த வயித்துக்கும் சேத்துத்தான் நீங்க கேரட் கணக்குல காசு குடுக்கறீங்க.

கலர்ல மூணு விசயம் பிரிச்சுப் பாருங்க: என்ன நெறம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு சுத்தம். சாம்பலோ பழுப்போ கலந்திருந்தா கல்லு தூங்கி வழியுற மாதிரி இருக்கும். ரொம்ப கருப்படிச்ச நீலத்த விட நடுத்தரமான, தெளிஞ்ச நீலம் எப்பவும் மேல்னு நான் சொல்லுவேன், ராத்திரி வீட்டு விளக்குல அது கருப்புப் பொத்தானா மாறாது. உள்ள இருக்குற சின்ன சின்ன கறைக்கு பயப்பட வேண்டாம். லூப்புல நேர்கோடா, கோணமா கலர் பட்டை ஓடுனாலோ, பட்டு நூல் மாதிரி ஊசி தெரிஞ்சாலோ அது மண்ணுக்குள்ள வளந்ததுக்கு நல்ல சாட்சி. பழைய கிராமஃபோன் தட்டுல இருக்குற மாதிரி வளைஞ்ச கோடு தெரிஞ்சா அது உலைல உருக்குன செயற்கைக் கல்லு. வெர்னுயில்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1902லயே இந்த முறைய வெளியிட்டுட்டாரு. அதனால "எங்க பாட்டி போட்டது, நூறு வருசத்துக் கல்லு, எப்படிங்க செயற்கையா இருக்கும்"னு கேட்டா, இருக்கலாம்னுதான் பதில். பாட்டியோட மோதிரங்கிற மதிப்பு அதுக்கு இருக்கு, அத யாரும் கொறைக்க முடியாது, ஆனா மாணிக்க விலை வராது.

"ஒரிஜினலா?"ன்னு கேக்காதீங்க

"என்ன கல்லு, எங்க வளந்தது, மண்ணுலயா லேப்லயா, என்ன ட்ரீட்மென்ட் பண்ணியிருக்கு"ன்னு கேளுங்க, பதில பில்லுல எழுதச் சொல்லுங்க. எழுதத் தயங்குனா காச பாக்கெட்லயே வெச்சுக்கிட்டு வந்துடுங்க.

ட்ரீட்மென்ட்னாலே கெட்டதுன்னு இல்ல. மார்க்கெட்ல வர்ற சஃபையர்ல, அதாவது நீலம், புஷ்பராகம் மாதிரி கல்லுல, பெரும்பங்கு சூடு காட்டுனதுதான். இலங்கைல கெவுடான்னு ஒரு பால் நெறக் கல்லு இருக்கு, ஒரு காலத்துல மதிப்பே கிடையாது, 1970கள்ல தாய்லாந்துக்காரங்க அத வாங்கிட்டு போய் சூடு காட்டி நீலமாக்கி வித்தப்போதான் ஊருக்கே அதோட அருமை தெரிஞ்சுது. சூடு காட்டுன கலர் நிலைச்சு நிக்கும், வெறும் சூடு மட்டும்னா நான் தாராளமா வாங்குவேன். சிட்ரின்ல நிறைய அமெதிஸ்ட்ட சூடு பண்ணி வந்தது, ப்ளூ டோபாஸ் நெறமில்லாத டோபாஸ்ல கதிர்வீச்சு காட்டி வந்தது, ரெண்டும் விலைலயே தெரிஞ்சுடும். மரகதத்துல எண்ணெய் ஊத்துறது காலங்காலமா நடக்குது, கொஞ்சமா நிறையவாங்கிறதுதான் கேள்வி. நான் ஒதுங்குறது ரெண்டே ரெண்டு: கண்ணாடி அடைச்ச மாணிக்கம், வெளிய இருந்து கலர ஊடுருவ விட்ட சஃபையர சொல்லாம விக்கிறது. கண்ணாடி அடைச்ச கல்ல லூப்புல சாய்ச்சு சாய்ச்சு பாத்தா விரிசல்ல நீலமா ஒரு மின்னல் அடிக்கும், தட்டையான குமிழியும் இருக்கும். எலுமிச்சம்பழச் சாறு கூட அந்தக் கண்ணாடிய அரிச்சுடும், சமையல் பண்ற கைல அத எப்படிப் போடுறது சொல்லுங்க.

பேரு வெச்சு நடக்குற குழப்பமும் தனி. நவரத்தினத்துல கோமேதகம்னா ஹெஸ்ஸனைட் கார்னெட், வைடூரியம்னா கிரிசோபெரில் கேட்ஸ்ஐ, குவார்ட்ஸ்ல வர்ற கேட்ஸ்ஐ இல்ல. அலெக்ஸாண்டிரைட்னு (வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கலர் மாறுற விலை கூடுன கல்லு) நூத்துக்கணக்கான ரூபாய்க்கு ஊதாவும் சாம்பல் நீலமுமா மாறுற கல்லு குடுத்தா அது வனேடியம் சேத்த செயற்கைக் கல்லு. இந்தக் குழப்பம் பழசு, இங்கிலாந்து அரச கிரீடத்துல இருக்குற பேர்போன "பிளாக் பிரின்ஸ் ரூபி"யே மாணிக்கம் இல்ல, ஸ்பைனல்.

விலை போடப் பழகுங்க

எல்லாக் கணக்கும் கேரட்டுக்கு எவ்வளவுங்கிறதுல இருந்து. 1 கேரட்னா 0.2 கிராம். யாராவது ரத்தில சொன்னா கேரட்டா மாத்திக் கேளுங்க, குன்றிமணில இருந்து வந்த அளவு அது, ஆனா பழைய ரத்தியும் இப்ப கல்லுக் கடைல சொல்ற ரத்தியும் ஒண்ணு கிடையாது. நீலம், மாணிக்கம், மரகதத்துல சைஸ் கூடுனா கேரட் விலையே ஏறும், 2 கேரட் கல்லு 1 கேரட் கல்லோட ரெண்டு மடங்கு இல்ல, அதுக்கு மேல. அமெதிஸ்ட், சிட்ரின், டோபாஸ்ல அப்படிப் பெருசா ஏறாது, மண்ணுலயே பெருசு பெருசா கிடைக்குது.

ஒரு நோட்டு போடுங்க. வாங்குறீங்களோ இல்லையோ, பாக்குற ஒவ்வொரு கல்லையும் எழுதுங்க: என்ன கல்லு, எத்தன கேரட், அளவு, ட்ரீட்மென்ட், ஜன்னல் உண்டா, கேரட்டுக்கு என்ன சொன்னாங்க. நூறு கல்லு எழுதுன பிறகு ஒரு விலை சொன்னா அது ஏறுக்கு மாறா இருக்கான்னு உங்களுக்கே தெரியும், எந்த சார்ட்டும் வேண்டாம். ஒரே சாதி, ஒரே ட்ரீட்மென்ட், ஏறக்குறைய ஒரே சைஸ், இத மட்டும்தான் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும்.

மோதிரத்துல பதிச்ச கல்ல எடை போட முடியாது, அதுக்கு வெர்னியர் கணக்கு உண்டு. ஓவல் கல்லுன்னா நீளம், அகலம், ஆழம் மூணையும் மில்லிமீட்டர்ல பெருக்கி, அடர்த்தியால பெருக்கி, 0.0020 ஆல பெருக்குங்க. 8க்கு 6க்கு 4 இருக்குற சஃபையர்னா 192, அத 4 ஆல பெருக்குனா 768, 0.0020 ஆல பெருக்குனா ஒன்றரை கேரட் சொச்சம். ரவுண்டுக்கு 0.0018. தோராயம்தான், ஆனா "இது 3 கேரட்டுங்க"ன்னு சொல்றவங்கள அப்பவே நிறுத்திடலாம்.

இன்னொண்ணு, கல்லு வாங்குன விலைக்கே திருப்பி விக்க முடியும்னு நெனச்சு வாங்காதீங்க. கடைக்காரர் வாங்குற விலை வேற, விக்கிற விலை வேற, நடுவுல இருக்குறது பெரிய பள்ளம். போனா போகட்டும்னு வெச்சுக்குற காசுல மட்டும் வாங்குங்க.

விலை கூடுன கல்லுக்கு லேப் ரிப்போர்ட் இல்லாம வாங்கவே வேண்டாம். அமெரிக்காவோட ஜி.ஐ.ஏ, ஜெய்ப்பூர்ல முன்னாடி ஜெம் டெஸ்டிங் லேபரட்டரின்னு இருந்த ஐ.ஐ.ஜி.ஜே லேப், மும்பை ஜெமலாஜிக்கல் இன்ஸ்டிட்யூட், இலங்கைல வாங்குனா கொழும்புல இருக்குற தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபை, இப்படி வியாபாரிக்கு சம்பந்தமில்லாத லேபா இருக்கணும். கைல குடுக்குற அட்டைய மட்டும் பாத்து முடிக்காம நம்பர லேப் வெப்சைட்ல போட்டு பாருங்க, எடையும் அளவும் உங்க தராசு வெர்னியரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, வேற கல்லோட ரிப்போர்ட்ட சேத்துக் குடுக்குறது நடக்குற விசயம். அப்புறம் ட்ரீட்மென்ட்னு இருக்குற வரிய படிங்க, பாதிப் பேரு அத படிக்கிறதே இல்ல. ரிப்போர்ட் கல்லு என்னன்னு சொல்லும், விலை சொல்லாது.

பதிக்கிறதுக்கு குடுக்குறப்போ

எல்லாக் கல்லும் மோதிரத்துக்கு ஆகாது. காத்துல பறக்குற தூசில குவார்ட்ஸ் இருக்கு, அதோட கடினம் 10க்கு 7, அதுக்குக் கீழ உள்ள கல்ல தினமும் போட்டா தொடைக்கத் தொடைக்கவே மங்கிடும். சஃபையர், மாணிக்கம் 9, தினசரிக்கு தாராளம். டோபாஸும் ஸ்பைனலும் 8, ஆனா டோபாஸ் ஒரு திசைல படக்குனு பிளக்கும், தட்டாம பாத்துக்கணும். நம்ம மூன்ஸ்டோன் 6ல இருந்து 6.5, அதுவும் ரெண்டு பக்கம் பிளக்குற கல்லு, அத பெண்டன்ட்லயோ தோட்டுலயோ போடுங்க. மோதிரம்தான் வேணும்னா கல்ல சுத்தி தகடு மடிச்சு மூடுற மாதிரி செய்யச் சொல்லுங்க. கால் வெச்சுக் கவ்வுற செட்டிங்ல வெளிச்சம் நல்லா உள்ள போகும், பட்டைக் கல்லுக்கு அதுதான் அழகு, ஆனா துளி மாதிரி கூரா இருக்குற கல்லுன்னா முனைய மூடுற மாதிரி வி வடிவக் கால் வேணும், இல்லன்னா முதல்ல போறது அந்த முனைதான். வெள்ளில கால் சீக்கிரம் வளையும், நல்ல கல்லுக்கு தங்கம் போடுங்க.

6 மில்லி ரவுண்டு, 7க்கு 5, 8க்கு 6 ஓவல், இந்த மாதிரி சைஸ்ல இருந்தா ரெடிமேட் மோதிரக் கூடே கிடைக்கும், செலவு கம்மி. கோணல் மாணலா இருந்தா கல்லுக்கு அளவெடுத்துத்தான் கூடு செய்யணும். கூட்டுக்கு ஏத்த மாதிரி கல்லோட ஓரத்த தேய்க்கிறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. கல்லோட அடி முனை கூட்டு அடில முட்டக் கூடாது, மேல ஒரு தட்டு பட்டா அங்க இருந்துதான் உடையும்.

ஆசாரிகிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி கல்ல எடை போட்டு, லூப்புக்கு பின்னாடி ஃபோன் கேமராவ வெச்சு உள்ள இருக்குற கறையோட ஃபோட்டோ எடுத்து வெச்சுக்குங்க, ஒவ்வொரு கல்லுக்கும் அது கைரேகை மாதிரி. என்ன கல்லு, என்ன ட்ரீட்மென்ட்னு ஒரு சீட்டுல எழுதி கல்லோடயே குடுங்க. பத்து வைக்கிற வேலை எல்லாம் முடிச்சு, ஆசிட்ல போட்டு எடுத்து, பாலிஷ் பண்ணி, கடைசியா கல்லு பதிக்கணும், பின்னாடி ரிப்பேருக்கு வந்தாலும் கல்ல கழட்டிட்டுத்தான் நெருப்பு காட்டணும். "அண்ணா, கூட உக்காந்து பாக்கலாமா"ன்னு கேளுங்க. பெரிய கடைல விட மாட்டாங்க, பட்டறைல உக்கார வெச்சு டீயும் வாங்கிக் குடுப்பாங்க. நான் பதிப்பு வேலை பத்தி தெரிஞ்சுக்கிட்டது முக்காவாசி அப்படி உக்காந்துதான். ஊசி முனையால கால மடிச்சு விடுறப்ப அவரு மூச்ச பிடிச்சுக்குவாரு, பாக்குற நமக்கும் மூச்சு நின்னுடும்.

வாங்கிட்டு வந்ததும் மோதிரத்த காதுகிட்ட வெச்சு மெதுவா தட்டிப் பாருங்க, கிணுகிணுன்னு சத்தம் வந்தா கல்லு ஆடுது, அப்பவே திருப்பிக் குடுங்க. பஞ்சால தேய்ச்சுப் பாத்து நூல் மாட்டுனா கால் சரியா படியல.

கழுவுறதுக்கு வெதுவெதுப்பான தண்ணி, துளி சோப்பு, பழைய மெல்லிசு டூத் பிரஷ், கல்லுக்கு அடிப்பக்கமா தேய்ங்க, எண்ணெய் அங்கதான் படியும், கல்லு மங்கிப் போச்சுன்னு கொண்டு வர்றதுல பாதி இந்த அழுக்குதான். கடைல அல்ட்ராசோனிக் மெஷின்ல (தண்ணிய அதிர வெச்சு அழுக்கு எடுக்குறது) போட்டுத் தர்றேன்னு சொன்னா சஃபையர், மாணிக்கம், அதுவும் எதுவும் அடைக்காததுக்கு மட்டும் சரின்னு சொல்லுங்க. மரகதத்துக்கு சோப்பும் சுடுதண்ணியும் வேண்டாம், ஈரத் துணியால தொடச்சா போதும். மரகதம், மூன்ஸ்டோன், ஓபல், டான்ஸனைட் எதையும் அந்த மெஷின்ல விடாதீங்க. அமெதிஸ்ட்ட ஜன்னலோரம் வெயில்ல வருசக்கணக்கா வெச்சா வெளுக்கும். ஒவ்வொரு கல்லையும் தனித்தனி பேப்பர் மடிப்புல வெச்சு மேல எடையும் தேதியும் எழுதுங்க, ஒரே டப்பால கொட்டி வெச்சா சஃபையர் பக்கத்துல இருக்குற எல்லாத்தையும் கீறிடும்.